கண்ணைப் பார்த்து

கோராலியின் கோப்பையில் மோதும் சத்தம் மூன்று முறை கேட்டது. இரண்டு முறைதான் கேட்டிருக்க வேண்டும்.

ஒயின் தயாரிக்கும் மொசியே மார்மியேயின் நிலவறையில் அப்போது இருந்தவர்கள் அவர், கோராலி, அவள் கணவன் திபோ, அவ்வளவுதான். ஈரச் சுண்ணாம்பும் பழைய மரமும் வறுத்த வெந்தயம்போல மணக்கும் அந்த ஊர் மஞ்சள் ஒயினும் கலந்து அடித்த நெடியில் நின்றுகொண்டு, கோராலி மார்மியேயோடு ஒருமுறை கோப்பையை முட்டினாள், திபோவோடு ஒருமுறை முட்டினாள். கையை இறக்குவதற்குள் பீப்பாய்களுக்கு நடுவே இருந்த இருட்டிலிருந்து இன்னொரு கோப்பை வந்து, நன்றாகப் பழகியவர்கள் செய்வதுபோல மெல்ல, அவள் கோப்பையின் விளிம்பில் தட்டிவிட்டுப் போயிற்று. அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. காலையிலிருந்து மலைச்சரிவில் நடந்ததில் குதிகால் கொப்புளம் உடைந்திருந்தது. அதைவிட, வழியில் திபோவோடு போட்ட சண்டை இன்னும் ஆறவில்லை. தன் பூட்ஸைப் பார்த்தபடியே எல்லோரோடும் முட்டித் தொலைத்தாள்.

"என்ன மதாம் இது?" மார்மியேயின் முகம் சுருங்கிவிட்டது. "கண்ணைப் பாக்காம முட்டுறீங்களே! எந்த ஊர்ல வளர்ந்தீங்க?"

"லியோன்ல," என்றான் திபோ முந்திக்கொண்டு. "அங்க சிக்னல் விளக்கைத் தவிர வேற எதையும் நிமிர்ந்து பாக்க மாட்டாங்க."

மார்மியே சிரிக்கவில்லை. "வெளிநாட்டுக்காரங்க செஞ்சா போகட்டும்னு விடலாம். நாம அப்படிச் செய்யலாமா? பாத்து முட்டினாத்தானே யாரோட முட்டினோம்னு தெரியும்?"

இதைச் சொல்லும்போது அவர் கோராலியைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது தோளுக்கு மேலே, ஒரு ஆள் நிற்கும் உயரத்தில், எதையோ பார்த்தார். பிறகு கோப்பையை வாயில் வைக்காமலே பீப்பாய்மேல் வைத்துவிட்டு, விருந்தாளிகளை முன்னே விடவேண்டும் என்ற மரியாதைகூட இல்லாமல், முதல் ஆளாகப் படியேறிப் போய்விட்டார்.

இந்த நடைப்பயணம் கோராலியின் யோசனை. வசந்தகாலத்தில் வேறொருத்தியோடு போகப்போவதாகச் சொன்ன திபோ, அதற்குப் பிறகு போகவும் இல்லை, ஒழுங்காக வீட்டில் இருக்கவும் இல்லை; கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்துக்கொண்டு, மாதக்கணக்கில் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே ஓட்டிவிட்டான். கடைசியில் அவள்தான் சொன்னாள்: ஜூரா மலைப்பகுதியின் திராட்சைக் கிராமங்களை நடந்தே சுற்றுவோம், பகலில் நடப்போம், மாலையில் குடிப்போம், கடைசி ஊரில் இருக்கப்போகிறாயா போகப்போகிறாயா என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். அவனை இழக்க அவளுக்கு மனமில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவனுக்காக இன்னும் எத்தனை கொப்புளம் வேண்டுமானாலும் தாங்கியிருப்பாள்.

மறுநாள் மூடுபனி. அறுவடை முடிந்து பழுத்துப்போன கொடிகளின் நடுவே, சகதியில் ஒட்டிக்கிடந்த மஞ்சள் இலைகளை மிதித்துக்கொண்டு போகும்போது, முன்னால் திபோவின் ஊன்றுகோல் கல்லில் தட்டும் ஓசையும் எங்கோ ஒரு பசுவின் கழுத்துமணியும் தன் காலடியும் தவிர நான்காவதாக ஒரு சத்தம் இருப்பதைக் கோராலி கவனித்தாள். அதுவும் காலடிதான். எதிரொலி என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவள் நொண்டினால் அதுவும் நொண்டியது. அவள் நின்றால், ஒரு கணம் தாமதித்து, அதுவும் நின்றது. போகப் போக அந்தத் தாமதம் குறைந்துகொண்டே வந்தது.

அடுத்த ஊர் விடுதி வாசலில் நின்ற அம்மாள் வழக்கம்போல ஒவ்வொருவராக வணக்கம் சொன்னாள். "போன்ழூர் மொசியே. போன்ழூர் மதாம்." பிறகு கோராலியின் தோளுக்குப் பின்னால் பார்த்து, அதே சிரிப்போடு, "போன்ழூர் மதாம்."

கோராலி சட்டென்று திரும்பினாள். காலித் தெரு. ஈரக் கற்கள். வெந்தய வாடை.

அன்று மாலை குடிக்க உட்கார்ந்தபோது விடுதிக்காரி அவளோடு முட்டினாள், பக்கத்து மேசையில் இருந்த இரண்டு நடைக்காரர்கள் முட்டினார்கள். ஒருவர் கண்ணும் அவள் கண்ணில் படவில்லை. எல்லோரும் அதே இடத்தைத்தான் பார்த்தார்கள். ஆனால் பார்வைகள் நேற்றைவிடக் கிட்டே வந்திருந்தன. கழுத்துக்குப் பக்கத்தில். காதுக்குப் பக்கத்தில்.

"திபோ, என்னைப் பாரு."

"பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"என்னைப் பாக்கல நீ. எனக்குப் பின்னாடி பாக்கற."

"அங்க என்ன இருக்கு, பாக்கறதுக்கு?" என்றான். அங்கேயே பார்த்துக்கொண்டு, குரல் குழைந்து, மாதக்கணக்கில் அவள் கேட்காத ஒரு தொனியில் சொன்னான்: "இன்னிக்கு நீ ரொம்ப அழகா இருக்க, கோராலி."

ஏங்கி ஏங்கிக் காத்திருந்த வார்த்தை. அது தன்னைத் தாண்டிப் போய் வேறு எங்கோ விழுந்ததை அவள் உணர்ந்தாள்.

கடைசி நாள் நடையில் அவள் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். பயம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. பிடரியில் சூடான மூச்சு பட்டது. அவிழ்ந்திருந்த கூந்தல் கற்றையை யாரோ எடுத்துக் கொண்டையில் செருகினார்கள். மழைக்கோட்டின் காலரை நீவிவிட்டார்கள். திபோ முன்னால் போய்க்கொண்டிருந்தான், இரண்டு கைகளிலும் ஊன்றுகோல்களோடு. காலடிச் சத்தம் இப்போது ஒன்றுதான். அது தன்னுடையதா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

கடைசி ஊர். மாதாகோவில் மணி அடித்து ஓய்ந்தது. விடுதியின் மூலையில் சின்ன மேசை, நடுவில் பாலாடைக்கட்டி, வால்நட், மஞ்சள் ஒயின். திபோ எதிரே உட்கார்ந்தான். அவன் முகம் தெளிந்திருந்தது. முடிவெடுத்துவிட்ட முகம்.

"சொல்லிடறேன்," என்றான். கோப்பையைத் தூக்கினான்.

கோராலியும் தூக்கினாள். இந்த முறை தவறு செய்யமாட்டாள். கண்ணைப் பார்த்து முட்டுவாள். அவன் பார்வை தன் காதோரம் வந்து நிற்பதைப் பார்த்தாள். அதை நேராக்க வேண்டும் என்று இமைக்காமல் பார்த்தாள். இங்கே. இங்கே பார். கொஞ்சம்தான். இன்னும் கொஞ்சம்.

கோப்பை முட்டியது.

கையில் கனம் இல்லை.

அவளுக்கு முன்னால் ஒரு கழுத்து இருந்தது. ஒழுங்காகச் செருகிய கொண்டை. நீல மழைக்கோட்டின் காலர். கூந்தல் முடியும் இடத்தில் சின்னதாக ஒரு மச்சம். திபோ எத்தனையோ முறை முத்தமிட்டிருக்கிறான் அங்கே. அவள் அதைப் பார்த்ததே இல்லை. தன் மச்சத்தைத் தானே எப்படிப் பார்ப்பது?

இப்போது பார்த்தாள்.

அந்தத் தோளுக்கு மேலே, மேசைக்கு அப்பால், திபோவின் கண்கள் கலங்கியிருந்தன. முன்னால் உட்கார்ந்திருந்தவளின் கண்களுக்குள் நேராக, ஆசைதீரப் பார்த்தான்.

"நான் எங்கேயும் போகல," என்றான். "உன்கூடத்தான் இருப்பேன்."

"தெரியும்," என்றது கோராலியின் குரல்.

அவள் கத்தினாள். வாய் இல்லை. அந்தத் தோளைப் பிடித்து உலுக்கினாள். கை இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், திபோவின் பார்வை விலகி, அந்தத் தோளுக்கு மேலே, ஒரு ஆள் நிற்கும் உயரத்தில், அவள்மேல் வந்து நின்றது.

திபோ! நான்தான்! நான்தான்!

முன்பின் தெரியாத ஒருத்தி முறைத்துப் பார்த்தால் மரியாதையுள்ளவன் என்ன செய்வானோ அதைச் செய்தான். கண்களைத் தாழ்த்திக்கொண்டான்.