அளவு கவுன்

நல்ல மனிதர்கள் நிறைந்த ஊர் என்று யாராவது சொன்னால் நான் இப்போதெல்லாம் அங்கிருந்து எழுந்து போய்விடுகிறேன். அப்படி ஓர் ஊரில் நான் குடியிருந்திருக்கிறேன்.

சாமான்களை இறக்கக்கூட அவர்கள் எங்களை விடவில்லை. என் கணவர் வண்டிக் கதவைத் திறப்பதற்குள் தெருவே திரண்டு வந்துவிட்டது. கட்டிலை ஒருவர் தூக்கினார், பாத்திர மூட்டையை ஒருத்தி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். என் தையல் மிஷினை மருந்துக்கடைக்காரரும் இன்னொருவரும் மூச்சு வாங்கத் தூக்கிவந்து முன்னறை ஜன்னலோரம் வைத்தார்கள். வீடு மருந்துக்கடைக்காரருடையது. நல்ல வெளிச்சமான வீடு, பின்னால் ஓர் அறை கூடுதலாக இருந்தது. பட்டணத்தில் ஒற்றை அறைக்குள் துணி மூட்டைகளோடு முட்டி மோதிக்கொண்டிருந்தவளுக்கு அது அரண்மனை.

பக்கத்து வீட்டு டீச்சரக்கா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், பெரிய அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்தாள்.

"ரெண்டு நாளைக்கு நீ அடுப்பு பத்த வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

பிறகு என் மகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கன்னத்தைக் கிள்ளினாள். "எத்தனை வயசு கண்ணு?"

"ஏழு," என்றாள் குருவி. எடை கம்மி, கீச்சுக்கீச்சென்று பேச்சு அதிகம், அதனால் எங்களுக்கு அவள் குருவி.

டீச்சரக்கா நிமிர்ந்து மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள். "ஏழுன்னா கொஞ்சம் பெரிய பொண்ணா இருக்கே?"

"பரவால்ல விடுங்க," என்றார் அவர்.

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சிரித்த முகத்தையே பார்க்காமல் காலம் தள்ளியவள், யாரோ சிரித்ததும் அப்படியே கவிழ்ந்துவிட்டேன். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

என் கணவர் குளிர்பதன வண்டி ஓட்டுகிறார். கிளம்பினால் திரும்பி வரப் பல நாள் ஆகும். ஆனாலும் தனியாக இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. காலையில் யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள். தைக்கத் துணி கொடுப்பார்கள். குருவியைத் தூக்கிக் கொஞ்சுவார்கள். போகும்போது மட்டும் பின்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வரட்டுமா?" என்பார்கள். என்னிடம்தான் விடைபெறுகிறார்கள் என்று நினைத்து, "போயிட்டு வாங்க," என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்தில் அந்த ஊர் அடங்கிவிடும். கடைகள் கதவைச் சாத்திக்கொள்ளும், தெருவில் ஒரு சைக்கிள்கூடப் போகாது. வெயில் மட்டும் வெள்ளையாக வாசலில் கிடக்கும். அந்த நேரத்தில்தான் எனக்கு முதலில் வாசம் வந்தது. ஈரத்துணியில் இஸ்திரிப்பெட்டியை அழுத்தினால் ஆவியோடு ஒரு வாசம் எழுமே, அது. என் இஸ்திரிப்பெட்டி அலமாரியில் சில்லென்று இருந்தது.

பிறகு சத்தம் கேட்டது. நல்ல கனமான கத்தரி, புதுத்துணியில் நீளமாக ஓடும் சத்தம். இருபது வருஷமாக அந்தச் சத்தத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது, எனக்குத் தப்பாது.

என் கத்தரி என் மடியில் இருந்தது.

எழுந்து பின்னறைக்குப் போனேன். குருவி நடுவில் நின்றுகொண்டிருந்தாள். முகவாயைத் தூக்கி, இரண்டு கைகளையும் விரித்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"ஷ்ஷ்... அசையக் கூடாதும்மா. அளவு எடுக்கிறாங்க."

"யாரு?"

அவள் கமுக்கட்டை ஒடுக்கிக்கொண்டு கிளுகிளுவென்று சிரித்தாள். "டேப்பு ஜில்லுனு இருக்கும்மா."

தையல்காரி மகள் தையல் விளையாட்டுத்தானே விளையாடுவாள் என்று நினைத்தேன். முதுகில் ஒன்று வைத்து இழுத்துவந்தேன்.

அதற்குப் பிறகுதான் அவள் பள்ளிக்கூடச் சட்டை தோளில் தொளதொளத்தது. பக்கத் தையலைப் பிடித்துக் கொடுத்தேன். சில நாளில் திரும்பவும் தொளதொளத்தது. திரும்பவும் பிடித்தேன். தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிடுகிற பிள்ளை ஏன் இப்படி இளைக்கிறது என்று டீச்சரக்காவிடம் புலம்பினேன்.

"தண்ணி மாறினா பிள்ளைங்க இளைக்கத்தான் செய்யும். நீ பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சுக் குடு, சரியாப் போயிடும்," என்றாள், என் தலையைத் தடவிக்கொண்டே.

நானும் தைத்துக் கொடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். நான் ஊசியை எடுத்தேன். சட்டை உடம்பில் கச்சிதமாக உட்கார்ந்ததும், எல்லாம் சரியாகிவிட்டது என்று கண் நம்பிவிடும். தையல்காரி புத்தி அது. என் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை நானே பிடித்துத் தைத்து மறைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவளுக்குப் பாவாடை கட்டிவிட்டேன். முழங்காலில் நிற்க வேண்டிய பாவாடை கெண்டைக்கால்வரை இறங்கியது.

இளைத்தால் அகலம் குறையும். உயரம் ஏன் குறைகிறது?

"வாயைத் திற," என்றேன்.

திறந்தாள்.

போன வருஷம் முளைத்த பெரிய முன்பற்கள் இரண்டும் இல்லை. அந்த இடத்தில் அரிசி மாதிரி இரண்டு பால்பற்கள். நான் என் கையால் பிடுங்கி எறிந்த அதே பற்கள்.

"அம்மா, தூக்கு," என்றாள். குரலும் மழலையாகியிருந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடினேன். சுவர் ஆணியில் ஒரு கவுன் தொங்கியது. வெளிர் மஞ்சள், கழுத்தில் சுருக்கம், முதுகில் வரிசையாகப் பட்டன். நாலு வயதுப் பிள்ளைக்கான அளவு. நான் தைக்காத கவுன். தையலைத் திருப்பிப் பார்த்தேன், அவ்வளவு பொடித் தையல், அவ்வளவு நேர்த்தி.

"தினம் போட்டுப் பாப்பேன்," என்றாள் குருவி. "மொதல்ல தலையே நுழையல. இப்போ நல்லா நுழையுது. பட்டன்தான் இன்னும் கொஞ்சூண்டு எட்டல."

டீச்சரக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு அவள் திடுக்கிடவில்லை. அடுத்த துண்டை எடுத்து உதறினாள்.

"எங்க ஊருத் தையல்காரிம்மா அவ. தங்கமான பொம்பளை. அந்தக் கவுனைத் தைச்சு முடிச்சு மாட்டிவிடறதுக்குள்ள பிள்ளை காய்ச்சல்ல போயிடுச்சு. அவளும் ரொம்ப நாள் இருக்கல."

"என் பிள்ளைக்கு என்ன ஆகும்?"

"பட்டன் மூடற அன்னிக்குப் பிள்ளையைக் காணோம்னு தேடுவாங்க. கவுன் மட்டும் ஆணியில இருக்கும்."

"இது தெரிஞ்சுதான் எங்களைக் குடிவச்சீங்களா?"

"அந்த வீடு காலியா இருந்தா அவ தெருவுல இறங்கிடறாம்மா. வீடு வீடா வந்து அளவு எடுக்கிறா. எனக்குப் பேத்தி இருக்கு, நான் என்ன பண்ணட்டும்?"

"நான் இப்பவே கிளம்பறேன்."

"அளவு எடுத்தாச்சுன்னா எங்க போனாலும் விடாது. இதுக்கு முன்னாடி இருந்தவங்க வெளியூர் போய்ப் பாத்தாங்க. கவுனை எரிச்சும் பாத்தாங்க, மறுநாள் அங்கயேதான் தொங்குச்சு." துண்டை மடித்து வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "நாங்க உங்களை நல்லாத்தானே வச்சிருந்தோம்? சொல்லு, ஏதாவது குறை வச்சோமா?"

த்தூ என்று அவள் வாசலிலேயே துப்பிவிட்டு வந்தேன். உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள் கொடுத்த சாப்பாடு, தூக்கிய சாமான், கிள்ளிய கன்னம் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பலிக்கு விடுகிற ஆட்டுக்குத் தழை போடுகிறவர்களும் அன்பாகத்தான் போடுவார்கள்.

குருவியை என் மடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கவுனை மிஷின் மேல் விரித்தேன். எரித்தால் திரும்பி வரும். சரி. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதான். பக்கத் தையலில் பிளேடை வைத்துப் பிரித்தேன்.

வீட்டுக்குள் வெளிச்சம் இருந்தபடியே இருந்தது. காற்று மட்டும் நின்றுவிட்டது.

ஈரத்துணி வாசம் என் முகத்துக்கு நேரே வந்தது.

என் பழைய பாவாடை ஒன்றைக் கிழித்துப் பட்டை வெட்டி, இரண்டு பக்கமும் வைத்துத் தையல் அடித்தேன். வலது பக்கம் முடித்து இடது பக்கம் திரும்பினால், வலது பக்கத்தில் நூல் தானாக இழுபட்டுத் துணி சுருங்கியது. மறுபடியும் பிரித்தேன். மறுபடியும் சுருங்கியது. என் மணிக்கட்டின் மேல் ஏதோ ஊர்ந்தது. மெல்லிய, குளிர்ந்த, நீளமான ஒன்று. டேப்.

கையை உதறினேன்.

"இந்தா, கேட்டுக்கோ," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. "துணியைத்தான் பிள்ளைக்குத் தைக்கணும். பிள்ளையைத் துணிக்குத் தைக்கிறவ எல்லாம் ஒரு தையல்காரியா? உன் பிள்ளை உயிரோட இருந்திருந்தா வளர்ந்திருக்காதா? நீயும் பிரிச்சு விட்டிருக்க மாட்டே?"

எங்கேயோ மிக அருகில், யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

அந்த மூச்சு வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு நூல் இழுபடவில்லை. வளர்கிற பிள்ளைக்கு எப்போதும் கொஞ்சம் விட்டுத்தான் தைப்போம். நான் ஆத்திரத்தில் விட்டேன், விட்டுக்கொண்டே போனேன். நீளத்துக்குப் பட்டை, தோளுக்குப் பட்டை, கைக்குப் பட்டை. அந்த ஊர்ப் பிள்ளைகள் யார் போட்டாலும் பொதபொதவென்று விழ வேண்டும், எந்தப் பட்டனும் எந்தக் காலத்திலும் யாருக்கும் அளவாக மூடக் கூடாது என்று வைராக்கியம். முடித்துத் தூக்கிப் பார்த்தேன். வயதுக்கு வந்த பெண்ணுக்கான உடுப்பு மாதிரி நின்றது. மஞ்சளை விட என் பாவாடைத் துணிதான் அதில் அதிகம். அதை ஆணியில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் குருவிக்குச் சட்டை மாட்டினால் தோளில் பிடித்தது. நான் பிடித்த தையல் அவள் அசைவுக்குப் படக்கென்று தெறித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் ஓவென்று அழுதேன். என் கணவருக்கு ஃபோன் போட்டேன். வந்தார், மகளின் வாயைத் திறந்து பார்த்தார், வண்டியை வாசலை ஒட்டி நிறுத்தினார். வண்டியில் சாமான்களை ஏற்றினோம். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றார்கள். ஒருத்தரும் கை கொடுக்க வரவில்லை. மிஷினை நாங்கள் இருவருமே முக்கி முனகி ஏற்றினோம்.

இப்போது வேறு இடம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்காத கட்டடம். நிம்மதி. குருவி வளர்கிறாள். ஈறைக் கிழித்துக்கொண்டு பெரிய பற்கள் எட்டிப் பார்க்கின்றன. பிடித்த தையலையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து விடுகிறேன், அதைவிடச் சந்தோஷமான வேலை என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

போன வாரம் டீச்சரக்கா ஃபோன் செய்தாள். வெட்கமே இல்லாத ஜென்மம். ஆனாலும் எடுத்தேன்.

"நல்லா இருக்கியாம்மா? உன் புண்ணியத்துல ஊரே நிம்மதியாத் தூங்குது. அந்த வீடு காலியாத்தான் கெடக்கு, ஒரு பிள்ளையையும் இப்ப அவ தொடறதில்ல. பின்னறையில அந்த வாசம்கூட இல்ல."

"சந்தோஷம். வைக்கட்டுமா?"

"ஒரே ஒரு விஷயம். அந்தக் கவுனை நீ எடுத்துட்டுப் போனியா?"

"இல்ல. ஆணியிலதான் விட்டுட்டு வந்தேன்."



"ஆணி காலியா இருக்கேம்மா... சரி," என்றாள், ரொம்ப மெதுவாக, ரொம்ப அன்பாக. "உடம்பைப் பாத்துக்கோ."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வளையல் கையிலிருந்து கழன்று விழுந்தபோதும், அலைச்சலில் இளைத்திருப்பேன் என்றுதான் நினைத்தேன். என் நெற்றியோர நரைமுடி மறைந்திருப்பதைப் பார்த்து, "என்ன, இளமை திரும்புதா?" என்று என் கணவர் கேலி செய்தார். நானும் சிரித்தேன். ரவிக்கை தோளிலிருந்து வழுக்கியது. கை தன்னால் ஊசியைத் தேடிப்போனது. பிடித்துத் தைத்துக்கொண்டேன்.

நேற்று மத்தியானம், அவசரத் துணி ஒன்று இருந்ததால் மிஷினில் உட்கார்ந்தேன்.

கால் எட்டவில்லை.

நாற்காலி நுனிக்கு நகர்ந்து, விரலை நீட்டிப் பார்த்தேன். மிஷினின் மிதிப்பலகைக்கும் என் பாதத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. குருவி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் தோளும் என் தோளும் அவ்வளவு அருகில் இருந்தன.

"அம்மா, நான் மிதிக்கட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மிதிப்பலகை ஏற்கெனவே தானாக ஆடிக்கொண்டிருந்தது.