பக்கத்து இருக்கையின் பிரேக்

கார் விற்பனைக்கு இருந்த வீட்டின் ஷெட்டுக்கு நாங்கள் போனபோது காலை பத்து மணி, நல்ல வெயில். பழைய கார்களைச் சோதித்துச் சொல்வது என் தொழில். அன்று வாங்க வந்தவர் என் தங்கை புருஷன். காரைப் பார்த்ததும் மாப்பிள்ளை வாயைப் பிளந்துவிட்டார். இனி எங்கே பேரம் பேசுவது!

இரண்டே பேர் அமரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். பெரிய இஞ்சினாக மாற்றி, உயரத்தைக் குறைத்து, அகல டயர் போட்டிருந்தார்கள். விரலால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தேன். அடிபட்ட இடத்தை மறைக்க எங்கும் பட்டி பூசவில்லை. உள்ளே குனிந்தபோதுதான் பார்த்தேன், பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் பெடல்.

"என் பையன் வச்சது" என்றார் விற்கும் பெரியவர். "மருமகளுக்கு வேகம்னா பயம். தவறிட்டா. வண்டியில இல்ல, ஆஸ்பத்திரியில. கடைசி வரைக்கும் படுக்கையில வலது காலால எதையோ மிதிச்சுக்கிட்டே இருந்தா."

அந்த இருக்கையில்தான் இனி என் ஒரே தங்கை உட்காரப் போகிறாள்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். மாப்பிள்ளை ஓட்ட, நான் பக்கத்தில். பழக்கதோஷத்தில் மிதித்துவிடக் கூடாதென்று கால்களை இருக்கைக்கடியில் மடக்கிக்கொண்டேன். ஜன்னல் திறந்திருந்தும் உள்ளே ஆஸ்பத்திரி மருந்து வாடை வந்தது. வளைவுக்கு முன் மாப்பிள்ளை ஆக்சிலரேட்டரை அழுத்தினார். முழங்காலருகே குளிர்ந்த காற்றாக ஏதோ நகர்ந்தது.

பெடல் கீழே போனது.

தானாக.

கார் தேய்த்துக்கொண்டு நின்றது. வளைவில் ஒரு லாரி எங்கள் பாதையை அடைத்தபடி கடந்து போனது.

"ஏன் மச்சான் மிதிச்சீங்க?"

"நான் மிதிக்கல."

அவர் சிரித்தார். "பயந்துட்டீங்க. சரி, வாங்கலாமா வேணாமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இஞ்சின், கியர், அடிச்சட்டம் எதிலும் குறை இல்லை. காரணம் காட்டாமல் ஒரு வண்டியையும் நான் ஒதுக்கியதில்லை. பேய் என்றா சொல்வது? இருபது வருடத் தொழில் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். அந்தக் கௌரவம் என் புத்தியை மறைத்தது.

"வாங்குங்க. அந்தப் பெடலை மட்டும் கழட்டிடறேன்."

என் பட்டறையில்தான் கழற்றினேன். இணைப்புக் கம்பியை அறுத்து, தரையில் கனமான புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தேன். தங்கை குனிந்து பார்த்தாள்.

"இருக்கட்டுமேண்ணா. அவர் ஓட்டுற ஓட்டுக்கு எனக்கு வேணும்."

"கால் நீட்ட இடம் வேணாமா உனக்கு?" என்றேன். பாவி நான்.

மூன்றாவது வாரம். அதே வளைவு. மாப்பிள்ளைக்குக் கையில் மாவுக்கட்டு. என் தங்கை வீடு திரும்பவில்லை.

நொறுங்கிய காரை என் பட்டறைக்கே இழுத்து வந்தார்கள். இரண்டு நாள் பக்கத்தில் போகவில்லை. மூன்றாம் நாள் நண்பகலில் கதவை நெம்பித் திறந்து, கிழிந்த விரிப்பை விலக்கினேன். நான் வைத்த தகட்டில் இரண்டு வலது பாதங்கள் பதிந்திருந்தன. சுத்தியலால் அடித்தாலும் லேசில் வளையாத தகடு அது.

ஒன்று நீண்ட, மெலிந்த பாதம். யாருடையது என்று எனக்குத் தெரியாது.

மற்றதில் சுண்டுவிரல் அடுத்த விரலின் மேல் ஏறியிருந்தது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு அப்படித்தான்.

அடக்க முடியாமல் அழுதேன். "விடும்மா, போதும்மா" என்று அந்தக் குழியில் கை வைத்தேன். தகடு சூடாக இருந்தது.

என் விரல்களுக்கடியில் அது இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.