பாண்டிக்கு வயசு பதினஞ்சு!

சனிக்கிழமை காலை. ஐந்தருவியில் தண்ணீரோடு ஒரு பிணமும் விழுந்தது!

எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி பலவேசம். வயிற்றில் கத்திக்குத்து. சீசன் கூட்டம் சோப்பும் துண்டுமாகச் சிதறி ஓடியது.

குத்தியவன் பாண்டி. மதியத்துக்குள் சிக்கினான்.

சிக்கியவன் சிரித்தான்!

"எனக்குப் பதினஞ்சு வயசுதான்!"

பதினாறு ஆகவில்லை என்றால் தூக்கும் இல்லை, ஜெயிலும் இல்லை. அவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. வயசை இனி எலும்பிடம்தான் கேட்க வேண்டும். திங்கட்கிழமை தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவன் கையை எக்ஸ்ரே எடுத்தார்கள்.

மறுநாள் ஃபிலிமை வாங்க வந்தார் இன்ஸ்பெக்டர் உமாராணி. நீட்டினான் டெக்னீஷியன் சுபாஷ்.

"மணிக்கட்டு எலும்பு இன்னும் ஒட்டலை மேடம். சின்னப் பயதான்."

"மீசையைப் பார்த்தா அப்படித் தெரியலையே..."

"மீசை பொய் சொல்லும். எலும்பு சொல்லாது."

பக்கத்தில் இசக்கிச்செல்வி. ரேடியோகிராஃபி இரண்டாம் வருஷம். பயிற்சி இங்கேதான். சுபாஷுக்கும் அவளுக்கும் நிச்சயம் ஆகிவிட்டது. ஆவணியில் கல்யாணம்.

அவள் ஃபிலிமைப் பார்த்தாள்.

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்!

கோணலான அந்தச் சுண்டுவிரல்... அவள் தங்கச்சியின் கை!

ஞாயிற்றுக்கிழமை சுபாஷ்தான் கூப்பிட்டான். 'பரீட்சையில வளருத பிள்ளை கை கேப்பாங்க. உன் தங்கச்சியைக் கூட்டிட்டு வா, சொல்லித்தாரேன்.' படிப்புக்காக யாருக்கும் எக்ஸ்ரே எடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினாள்.

"மேடம்! இது பாண்டி கை இல்லை. ஆம்பளை கையே இல்லை! என் தங்கச்சி கை!"

"ஏட்டி, என்ன உளறுத?" என்றான் சுபாஷ்.

"ஞாயித்துக்கிழமை நாம எடுத்தது. நீங்க பேரை மாத்திருக்கீங்க!"

சுபாஷ் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"நாமளா? ஞாயித்துக்கிழமை நான் இந்தப் பக்கமே வரலை. லாகின் இவளுது மேடம். பட்டனை அழுத்துனதும் இவதான். பாண்டிக்கும் இவளுக்கும் என்ன பழக்கமோ... யாரு கண்டா?"

பாவி! இவனோடா இலஞ்சிக் குமாரர் சன்னதியில் மோதிரம் மாற்றிக்கொண்டேன்?

மோதிரம்...!

உமாராணி அவள் பக்கம் திரும்பினார்.

"படிப்பு மட்டும் போகாதும்மா. ஜெயிலும் உண்டு. உன் தங்கச்சியைத் தவிர, இவன் வந்ததுக்கு வேற சாட்சி இருக்கா?"

"இருக்கு மேடம்!" கம்ப்யூட்டருக்கு ஓடினாள். "படத்தோட ஓரத்தைக் கறுப்பாக்கி மறைச்சிருக்காரு. மறைச்சதுதான், அழிக்கலை. எங்களுக்கு இது பாடத்துலயே இருக்கு."

"ஏட்டி, தொடாதே!"

பாய்ந்தவனின் சட்டைக் காலர் உமாராணியின் கையில் இருந்தது.

கறுப்பு விலகியது.

சின்னக் கையின் மணிக்கட்டுக்குக் கீழே, இன்னொரு கை. பெரிய கை. நடுங்கிய பிள்ளையை அசையாமல் பிடித்திருந்த கை. அதன் விரலில் பளீரென்று வெள்ளையாக... வேல் வைத்த மோதிரம்!

உமாராணி சுபாஷின் விரலைப் பார்த்தார். அதே வேல்!

"பாண்டி உனக்கு யாருலே?"

"...சித்தி மகன்."

இசக்கிச்செல்வி அழுதாள். அழுதுகொண்டே கத்தினாள்.

"உன்னை நம்பித்தானலே பச்சைப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்தேன்! 'நகையைக் கழட்டிட்டு உள்ள வாங்க'ன்னு ஊருக்கெல்லாம் சொல்லுதியே... நீ கழட்டினியாலே?"

தன் விரலில் இருந்த மோதிரத்தை உருவி மேஜையில் வீசினாள்.

உமாராணி நிதானமாக விலங்கை மாட்டினார்.

"கவலைப்படாதே தம்பி... இதை எந்த எக்ஸ்ரே ரூம்லயும் கழட்டச் சொல்ல மாட்டாங்க!"