சாவு வீட்டில் சொன்ன சொல்

ஈப்போவில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் இருந்தது அந்தச் சிகிச்சை நிலையம். பட்டப்பகலில், மகள் தினேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு புனிதா படியேறினாள். அவளுக்கு ஞாபகம் லேசாக உதிரத் தொடங்கியிருந்தது. சாவி, அடுப்பு என்று மறந்ததையெல்லாம் மகள் சிரித்தே சமாளித்தாள். ஒருநாள் அந்த மகளையே நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாருலா?" என்று கேட்டுவிட்டாள் புனிதா. தினேஸ்வரி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது கூடம் வரை கேட்டது.

டாக்டர் வள்ளியப்பன் புனிதாவின் இடது காதில் சின்னக் கிளிப் ஒன்றை மாட்டினார். ஊசியில்லை, கத்தியில்லை. காதோரம் ஓடும் நரம்பை மெல்லிய மின்சாரம் தட்டிக்கொடுக்குமாம்.

"வலிக்காதும்மா. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். சிலருக்கு நல்லா குணம் தெரியுது, பார்ப்போம்."

முதல் சில வாரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம், சிகிச்சை நிலையத்தில் காதில் எறும்பு ஊரும்போதே வாடை வந்தது. புளித்த ரப்பர் பால் வாடை.

கூடவே, மகளோடு சாவுக்குப் போன கோப்பெங் பக்கத்து எஸ்டேட் லயத்து வீடு ஞாபகத்தில் வந்தது. அந்தக் காலத்தில் பக்கத்து மர நெரையில் அவளோடு பால்மரம் சீவிய ராக்காயி சவப்பெட்டிக்குள் கிடந்தாள்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புனிதாவுக்கோ அன்றைக்கு அது சாவு வீடு என்பதே மறந்துபோயிருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ராக்காயி, போயிட்டு வாரேன். நீயும் வீட்டுக்கு வா, என்ன?"

ஒப்பாரி நின்றுபோனது. தினேஸ்வரி அவளைக் காருக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். அட பாவமே, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான், வேறென்ன?

எறும்பு இன்னும் ஊர்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததும் வந்தது.

மகள் வேலைக்குப் போன பகலெல்லாம், அவளே இரண்டு தட்டில் சோறு போட்டது.

"கறி போதுமா?" என்று கேட்டது.

எதிர் நாற்காலியில், காய்ந்த ரப்பர் பால் ஒட்டிய விரல்கள் சோற்றைப் பிசைந்தன.

ராக்காயி தினமும் வந்திருக்கிறாள். தினமும் புனிதா மறந்திருக்கிறாள்.

அலறியிருக்க வேண்டும். அலறல் வரவில்லை. கிளிப்பைக் கழற்றினால் எல்லாம் மறுபடி மறந்துபோகும், நிம்மதி. கை மெல்லக் காதுவரை போனது.

"என் பேரு சொல்லும்மா, பார்ப்போம்," என்று பக்கத்திலிருந்து கெஞ்சினாள் தினேஸ்வரி.

"தினேஸ்வரி."

மகள் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். கழற்றினால் இந்தப் பேரும் போய்விடும். புனிதா கையை இறக்கி மகளின் தலைமேல் வைத்தாள்.

"விடாம வாரேன் டாக்டர்," என்றாள்.

கார் கிளம்பியதும், பின்சீட்டில் யாரோ பெல்ட் போடவில்லை என்று எச்சரிக்கும் மணி அடிக்கத் தொடங்கியது.

"ச்சே! அந்தச் சாவுக்குப் போயிட்டு வந்ததுலேருந்து இதே தொல்லை. பட்டறையில கேட்டா ஒண்ணுமே இல்லங்கிறான்லா."

பின்னாலிருந்து புளித்த பால் வாடை வந்தது.

புனிதா திரும்பிப் பார்க்கவில்லை.

"ராக்காயி, பெல்ட்டப் போடு. பிள்ளை வண்டி ஓட்டுதுல்ல."

பின்சீட்டில் 'கிளிக்' என்றது.

மணி நின்றது.