முதலில் அழிந்த கட்டம்

கிளிநொச்சியில் ஏ-ஒன்பது வீதியோரத்து மருந்துக்கடைக்கு மேல்மாடியில் சுமித்திராவின் அலுவலகம் இருந்தது. பயிர்க் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பல வருடங்கள் விசாரணை அதிகாரியாக இருந்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறியும் தொழில் செய்கிறாள். வயலில் வெள்ளம் வந்ததா, வந்ததாகச் சொல்லப்பட்டதா என்பதை வரம்பில் நின்றே சொல்லிவிடக்கூடியவள். அவளுக்கு உதவியாளர், ஓட்டோ சாரதி, தேநீர் போடுபவர் எல்லாம் அப்புத்துரைதான். ஐம்பதைத் தாண்டியவர். யார் படியேறி வந்தாலும், அவர்கள் உட்காருமுன்னே குற்றவாளி யாரென்று தீர்மானித்துவிடுவார்.

அன்று காலை படியேறி வந்தவள் தனுஷா. மாங்குளத்தில் முன்பள்ளி ஆசிரியை. முகம் அழுது வீங்கியிருந்தது.

"அக்கா, நான் செய்யாத ஒண்டை நான் செய்ததெண்டு உலகம் முழுக்கச் சொல்லுது."

"உலகம் முழுக்கவோ?" என்றார் அப்புத்துரை.

"கனடா, லண்டன், சென்னை, மாங்குளம்."

"மாங்குளமும் சொல்லுதெண்டா பெரிய விசயந்தான்."

சுமித்திரா கதிரையை அவள் பக்கம் நகர்த்தினாள். "முதலிலை தண்ணி குடியும். பிறகு முதலிலையிருந்து சொல்லும்."

விசயம் இதுதான். 'குளமும் காடும்' என்று ஒரு கைப்பேசி விளையாட்டு. காட்டை வெட்டி, குளம் கட்டி, வயல் செய்து ஊரை வளர்க்க வேண்டும். எந்த வயலில் எது விளையும், எந்தக் காட்டில் என்ன கிடைக்கும் என்றெல்லாம் விளையாடுகிறவர்களே கூடித் தமிழில் எழுதி வைத்திருக்கும் தளம் அதன் விக்கி. யாரும் கணக்குத் திறந்து எழுதலாம், மற்றவர் எழுதியதைத் திருத்தலாம். அதைத் தொடங்கியவன் உருத்திரபுரத்துக் கிருபன். அவன்தான் ஒரே நிர்வாகி. அந்த விக்கியின் பெரிய சொத்து, மாங்குளத்து நிரோஜா இரண்டு வருடமாகப் போட்ட வயல் வரைபடம். கட்டம் கட்டமாக, ஒவ்வொரு வயலுக்கும் ஏற்ற பயிர் அதில் குறித்திருக்கும்.

தனுஷா போன வருடம்தான் சேர்ந்தாள். கிருபன் எழுதப் பழக்கினான். அவள் எழுதிய சமையல் பக்கங்களும் கதைமாந்தர் பக்கங்களும் எல்லோருக்கும் பிடித்துப்போயின. இரண்டாவது நிர்வாகியாக அவளையே போடலாமென்று அங்கத்தவர்கள் சொன்னார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு.

"போன கிழமை ஆரோ வரைபடத்திலை பயிரையெல்லாம் மாத்திப் போட்டினம். குரக்கன் நிண்ட இடத்திலை உழுந்து, உழுந்து நிண்ட இடத்திலை எள்ளு. அதை நம்பி விதைச்ச சனத்துக்கு விளையாட்டிலை எல்லாம் அழிஞ்சு போச்சு. பாத்தா, மாத்தினது என்ரை பேரிலை. கிருபன் அண்ணா என்னைத் தடை செய்திட்டார். என்ரை சொந்தப் பேர் அக்கா அது. பிள்ளையளின்ரை தாய்மார்கூட விளையாடுறவை. நாளைக்கு அவையின்ரை முகத்திலை எப்பிடி முழிப்பன்?"

சுமித்திரா அவளது கைப்பேசியில் அந்தப் பக்கத்தின் வரலாற்றைத் திறக்கச் சொன்னாள். செய்த ஒவ்வொரு மாற்றமும் அங்கே ஒழுங்காகப் பதிந்திருந்தது. எங்கிருந்து செய்தது என்று விக்கி சொல்லாது. பெயரை மட்டும் சொல்லும்.

"ஒவ்வொரு கட்டமாய் மாத்தி, ஒவ்வொண்டாய்ச் சேமிச்சிருக்கு. முதலிலை எந்தக் கட்டம்?"

"வலப்பக்கம் மேல் மூலை. பிறகு அப்பிடியே இடப்பக்கமாய். முடிய, அடுத்த வரிசை, திரும்பவும் வலப்பக்கத்திலையிருந்து."

"வரைபடத்திலை வடக்கு எந்தப் பக்கம்?"

"மேல் பக்கம் அக்கா, எல்லாப் படத்திலையும் போல."

"உம்மடை கணக்கு வேறை எங்கையாவது திறந்து கிடந்ததோ?"

தனுஷா தலையைக் குனிந்தாள். "முதல் பழகினது கிருபன் அண்ணாவின்ரை மடிக்கணினியிலை. பிறகு படங்கள் ஏத்தினது நிரோஜாவின்ரை கடைக் கணினியிலை. வெளியேறிப் போட்டு வரவேணுமெண்டு எனக்கு அப்ப தெரியாது. வேறை எங்கையும் இல்லை."

"நிரோஜாதான்," என்றார் அப்புத்துரை, கேத்திலை அடுப்பில் வைத்தபடி.

சுமித்திரா அன்று பின்னேரம்வரை வேறு வேலை பார்க்கவில்லை. தானும் ஒரு கணக்குத் திறந்து, தனுஷா சொல்லிக்கொடுக்க, பழகுபக்கத்தில் எழுதுவதும் சேமிப்பதும் அழிப்பதுமாக இருந்தாள். அப்புத்துரைக்கும் ஆசை வந்துவிட்டது. நேரே யானைப் பக்கத்துக்குப் போய், 'யானைக்குக் கல் எறியக் கூடாது, அது ஆளை மறக்காது' என்று எழுதிச் சேமித்தார். கொஞ்ச நேரத்தில் கிருபன் அதை மரியாதையாக நீக்கியிருந்தான். 'ஐயா, விளையாட்டில் உள்ளதை மட்டும் எழுதவும்' என்று குறிப்பு வேறு.

"உண்மையைத்தானே எழுதினனான்!" என்று அப்புத்துரை கொதித்தார்.

சுமித்திரா தனுஷாவின் பழைய திருத்தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முழுவதையும் எழுதி முடித்து, ஒரேயடியாகச் சேமிப்பதுதான் அவள் வழக்கம். அநேகமாக ஒவ்வொன்றின் கீழும் கிருபனின் குறிப்பு இருந்தது: 'தனுஷா, சின்னச் சின்னதாய்ச் சேமிக்கவும்.'

மறுநாள் மாங்குளம் சந்திக்குப் போனார்கள். நிரோஜாவின் தொலைபேசிக் கடையில் புதிதாக வந்த உறைகள் குவிந்திருந்தன. சுவர்ப் பலகையின் இடது ஓரத்து மேல் ஆணியில் தொடங்கி, வரிசை வரிசையாக மாட்டிக்கொண்டே அவள் பேசினாள். அவளுடைய பொறாமை கடை வாசலிலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது.

"ஓம், எனக்கு அவளிலை எரிச்சல்தான். ரெண்டு வருசம் நான் இருந்து போட்ட படம். எல்லாரும் பாக்கினம், ஒரு சனம் நல்லாயிருக்கெண்டு சொல்லேல்லை. இவள் வந்து கூழ் காய்ச்சிற பக்கம் ஒண்டு எழுத ஆகா ஓகோ எண்டுதுகள். வயிறு எரியாதோ?"

"அப்ப நீதான் அவளிலை பழி விழட்டுமெண்டு செய்தனி," என்றார் அப்புத்துரை.

நிரோஜா திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "அண்ணை, ஆரிலையோ உள்ள கோவத்துக்கு உங்கடை பிள்ளைக்கு நீங்கள் நஞ்சு வைப்பியளோ?"

அப்புத்துரை வெளியே வந்து ஓட்டோவைத் திருப்பினார். வழியெல்லாம், "நடிக்கிறாள்," என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் குரலில் முந்திய உறுதி இல்லை.

உருத்திரபுரத்தில் கிருபன் வீட்டுக் காணியில் கச்சான் கடலை விதைக்க ஆயத்தமாக நின்றான். வாசல் படலையடியில் விதைப்பை இருந்தது. அவன் ஒரு கை விதையை அள்ளிக்கொண்டு, கொத்திப் பண்படுத்திய நிலம் முழுவதையும் தாண்டி, எதிர்மூலையில் கிணற்றடிக்கு நடந்து போய் அங்கே விதைக்கத் தொடங்கினான்.

"படலையடியிலையே துவங்கினா நடை மிச்சமெல்லோ?" என்றார் அப்புத்துரை.

கிருபன் சிரித்துக்கொண்டு கையைக் கழுவிவிட்டு வந்து அவர்களை இருக்கச் சொன்னான். நல்ல மரியாதைக்காரன். தேநீரும் வந்தது.

"தனுஷா கெட்டிக்காரி அக்கா. எழுத்து அப்பிடியே வரும். நான்தான் சொல்லிக் குடுத்தனான். சனத்துக்கு அவளின்ரை பக்கமெண்டா உயிர். கணக்குத் திறக்கவே தெரியாமல் வந்தவள், நான்தான் பழக்கினனான். அவளைத் தடை செய்ய எனக்கு மனமேயில்லை. ஆனா நிர்வாகியெண்டா எல்லாருக்கும் ஒரே சட்டந்தானே."

"விக்கியைத் துவங்கினது நீங்கள் எண்டு சனத்துக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள் சுமித்திரா.

கிருபன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "புதுசாய் வந்தவைக்குத் தெரியாது. தனுஷாவின்ரை விக்கி எண்டுதான் சொல்லுகினம்."

சொல்லிவிட்டு, அதிலென்ன என்பதுபோலச் சிரித்தான்.

சனிக்கிழமை பின்னேரம் மூவரையும் சுமித்திரா அலுவலகத்துக்கு அழைத்திருந்தாள். கிருபனை மடிக்கணினியோடு வரச் சொன்னாள். தனுஷாவும் நிரோஜாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் இருந்தார்கள். அப்புத்துரை கதவடியில் காவலுக்கு நின்றார், யாரும் ஓடப்போவதில்லை என்று தெரிந்தும்.

சுமித்திரா மூவர் கையிலும் வெறும் கட்டங்கள் போட்ட தாளும் பென்சிலும் கொடுத்தாள். "இது நிரோஜாவின்ரை வரைபடம். மேல் பக்கம் வடக்கு. எந்த வயலிலை என்ன பயிரெண்டு ஞாபகம் உள்ளதை நிரப்புங்கோ. ஒருத்தரை ஒருத்தர் பாக்கக் கூடாது."

மூவரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். சிறிது நேரத்தில், "போதும்," என்று தாள்களை வாங்கி மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள். அப்புத்துரை எட்டிப் பார்த்தார். தனுஷாவும் நிரோஜாவும் இடப்பக்க மேல் மூலையிலிருந்து நிரப்பியிருந்தார்கள். கிருபனின் தாளில் இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. வலப்பக்க மேல் மூலையிலிருந்து அவன் எழுத்து தொடங்கியிருந்தது.

அறையில் எல்லோருக்கும் அது விளங்க ஒரு கணம் பிடித்தது.

"வரைபடத்தைக் கெடுத்த ஆள் கட்டம் கட்டமாய்ச் சேமிச்சவர்," என்றாள் சுமித்திரா. "தனுஷா அப்பிடிச் செய்யிற ஆளில்லை. எத்தினை தரம் சொல்லியும் முழுப் பக்கத்தையும் ஒண்டாய்த்தான் சேமிப்பா. சின்னச் சின்னதாய்ச் சேமிக்கச் சொல்லுறது நீங்கள், கிருபன். பழியைப் போடப் போன இடத்திலையும் உங்கடை சட்டத்தை நீங்கள் மீறேல்லை."

"நானும் அப்பிடித்தான் சேமிப்பன்," என்றாள் நிரோஜா மெல்ல. தனக்கு எதிராக அவளே சொல்வதைக் கேட்டு அப்புத்துரை வாயைப் பிளந்தார்.

"தெரியும். அதாலைதான் அது மட்டும் காணாது. ஆனா நீர் கடையிலை உறை மாட்டினது இடது பக்க ஆணியிலையிருந்து. எழுதுற கை அப்பிடித்தான் போகும். இந்த ஆளோ வடகிழக்கிலை துவங்கினவர். முந்தநாள் கிருபன் விதைப்பையைப் படலையடியிலை வைச்சிட்டு, காணி முழுக்க நடந்து போய்க் கிணற்றடியிலை துவங்கினார். வீட்டுக் கிணறு எந்த மூலையிலை, அப்புத்துரை அண்ணை?"

"ஈசான மூலையிலை," என்ற அப்புத்துரை, தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். "நானெல்லோ கேட்டனான், ஏன் நடக்கிறியள் எண்டு!"

கிருபனின் முகம் சிவந்தது. "கமம் செய்யிற ஆக்கள் முதல் விதையை அந்த மூலையிலைதான் போடுறது. அது குற்றமோ?"

"இல்லை. நல்ல பழக்கம். ஆனா தனுஷாவின்ரை கணக்குத் திறந்து கிடந்தது ரெண்டே ரெண்டு இடத்திலை. ஒண்டு நிரோஜாவின்ரை கடை. மற்றது உங்கடை மடியிலை இருக்கு."

கிருபன் மடிக்கணினியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு பேசியபோது அந்த மரியாதைக் குரல் போய்விட்டது.

"நாலு பேர்கூட இல்லாத காலத்திலை நான் தனிச்சு எழுதினனான். விடிய வயல், பின்னேரம் விக்கி. ஒருத்தரும் ஏனெண்டு கேக்கேல்லை. இவளுக்குத் தொகு எண்ட பொத்தான் எங்கை எண்டு காட்டினதே நான். ஒரு வருசத்திலை என்னை ஆரெண்டு கேக்கினம். இவள் நிர்வாகியாயும் வந்தா நான் அங்கை எதுக்கு? எனக்குப் பொறுக்கேல்லை. அவ்வளவுதான். பொறுக்கேல்லை."

தனுஷா அழவில்லை. "என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அண்ணா. நீங்கள் துவங்கினதெண்டு நான் எல்லாப் பக்கத்திலையும் எழுதியிருப்பனே."

"அதை நீ எழுதிச் சனம் அறியிறதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்," என்றான் கிருபன். அவன் சொன்னதிலேயே முழு உண்மையானது அதுதான்.

"தடையை எடுங்கோ," என்றாள் சுமித்திரா. "இப்ப, இஞ்சை இருந்து."

அந்த விக்கியில் தடையை நீக்க ஒரே ஒருவனால்தான் முடியும். கிருபன் கணினியைத் திறந்தான். தடையை நீக்கும்போது காரணம் எழுத ஒரு சிறு பெட்டி வரும். அதை நிரப்பாமல் சேமிக்க முடியாது. அந்தச் சட்டத்தையும் அவனே முன்பு போட்டிருந்தான். அவன் தட்டினான்: 'தவறுதலாகத் தடை செய்யப்பட்டது.'

தனுஷா எழுந்து வந்து திரையைப் பார்த்தாள்.

"அழியுங்கோ அண்ணா. விக்கியிலை உள்ளதை மட்டுந்தானே எழுதலாம்?"

அப்புத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டார். கிருபன் ஒவ்வோர் எழுத்தாக அழித்தான். பெட்டி மறுபடி வெறுமையானது.

நிரோஜா தன் கதிரையை இழுத்துத் தனுஷாவுக்குப் பக்கத்தில் போட்டாள். "எனக்கு உன்னிலை இப்பவும் எரிச்சல்தான்," என்றாள். "ஆனா நாளைக்கு என்ரை வாக்கு உனக்குத்தான்."

"எனக்கும் உன்ரை வரைபடத்திலை எரிச்சல்தான்," என்றாள் தனுஷா. "அப்பிடி ஒண்டு எனக்கு வராது."

கிருபன் அதைக் கேட்டான். தலை நிமிரவில்லை. பெட்டியில் எழுதினான்: 'வரைபடத்தை மாற்றியவர் தனுஷா அல்ல. கிருபன்.'

பிறகு, எல்லோருக்கும் படித்துப் படித்துச் சொன்னபடியே, அந்தச் சின்ன மாற்றத்தைத் தனியாகச் சேமித்தான்.