கடைசி நிரையில் ஒரு கிணறு

காலையில் கணினியைத் திறந்தபோதே சுபாஜினி கண்டுவிட்டாள். அட்டவணையின் அடியில் ஒரு நிரை கூடிப்போய்க் கிடந்தது. நீர்வேலி வாழைத்தோட்டங்களிலும் இணுவில், மருதனார்மடப் பக்கத்துத் தோட்டங்களிலும் உள்ள கிணறுகளுக்குள் சென்சர் இறக்கி, நிலமட்டத்திலிருந்து எத்தனை அடி கீழே தண்ணீர் நிற்கிறது என்று காட்டுகிற மென்பொருள் அது. ஒரு நிரைக்கு ஒரு கிணறு. இடப்பக்கம் கிணற்றுக்காரரின் பெயர், வலப்பக்கம் ஆழம். சித்திரை வெயிலுக்கு எல்லாக் கிணறுகளிலும் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருக்க, அடியில் இருந்த பெயரில்லாத நிரையில் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பதினெட்டு அடி. அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பார்க்கையில் பதினைந்து.

"சனியன், காலங்காத்தாலை" என்று கதிரையை இழுத்துப் போட்டாள்.

அவள் நிரல் எழுதுகிற ஜாவா மொழியில் அட்டவணை தானாக ஒன்றையும் வைத்திருப்பதில்லை. பின்னால் மொடல் என்று ஒன்றுதான் தரவையெல்லாம் வைத்திருக்கும். அதைக் கேட்டுக் கேட்டு அட்டவணை கீறிக் காட்டும், அவ்வளவுதான். எத்தனை நிரை என்று கேட்டால் மொடல் ஒன்றைக் கூட்டிச் சொல்லிவிடுவது எல்லாரும் விடுகிற பிழை. அப்படி ஏதும் இருக்கிறதா என்று வரிவரியாகப் பார்த்தாள். பிழை இல்லை. சென்சர் இறக்குகிற எமில்ராஜுக்குப் போன் போட்டாள்.

"எமில், நேற்று எங்கையாவது புதுசா இறக்கினனீரோ?"

"இல்லையக்கா. கையிலை இருந்ததெல்லாம் போன கிழமையே முடிஞ்சுது."

"அப்ப உது எந்தக் கிணறு?"

"குப்பைத் தரவா இருக்குமக்கா. பின்னேரம் கமக்காரர் சங்கத்து ஆக்களுக்குக் காட்டவேணுமெல்லே, பில்டரைப் போட்டு அந்த நிரையை மறைச்சு விடுங்கோ."

போனை வைத்தபோது எங்கேயோ ஒரு கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. நெடுநாள் எண்ணெய் காணாத கப்பி. கயிறு ஓட ஓட அழுகிற சத்தம். பக்கத்து வளவுக்காரர் எல்லாரும் மோட்டர் பூட்டி வருசக்கணக்காகிறது. கூடவே ஒரு மணம் வந்தது: பாசி பிடித்த கல்லும் ஈரக் கயிறும் சேர்ந்த மணம். அவளுக்குத் தெரிந்த மணம்தான். அவள் இருந்த அறைக்குக் கீழே ஒரு கிணறு இருந்தது.

தாய் அவள் பெயருக்கு எழுதிவைத்த இரண்டு பரப்புக் காணி. அண்ணன் பார்த்தீபனுக்கு அதில் எப்போதும் ஒரு கண். நடுவில் கிணறு கிடந்ததால் வீடு கட்ட இடம் போதாது என்று அவன் சொல்ல, அப்படியென்றால் தூர்த்துவிட்டுக் கட்டுகிறேன் என்று இவள் வீம்புக்கு நின்றாள். அதில் ஒருவரும் விழுந்து செத்ததாகக் கதையில்லை. ஒழுங்கையே அள்ளிக் குடித்த நல்ல தண்ணீர்க் கிணறு. குடத்தோடு வருகிற சனத்தைக் கேற்றடியிலேயே திருப்பியனுப்பிவிட்டு, மண்ணை ஏற்றிக் கொட்டுவித்தாள். மேசன் கேதீஸ்வரன் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, ஒரு குழாயாவது விட்டு மூடுவம். கிணறு மூச்சு விடோணும்."

"கிணத்துக்கு என்ன மூக்கே கிடக்கு? மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கட்டும். நீங்கள் கொங்கிறீற்றைப் போடுங்கோ."

பால் காய்ச்சிய அன்று பார்த்தீபன் எல்லாருக்கும் கேட்க, "உவள் இதுக்குள்ளை தனிய இருக்கமாட்டாள், பாருங்கோ" என்று சிரித்தான். அவளும் எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னாள். "நான் பயந்து வீட்டைவிட்டு வெளிக்கிட்டனெண்டால் காணியை நீங்களே எடுங்கோ அண்ணை." சொன்னால் சொன்னதுதான். அவள் அப்படிப்பட்டவள்.

இப்போது ஏழு அடி. பயமாகத்தான் இருந்தது, ஆனால் அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு மனமில்லை. பில்டரைப் போட்டாள். அந்த நிரை காணாமற்போனது. நீர்வேலி, இணுவில், மருதனார்மடம் என்று எல்லாம் ஒழுங்காக நின்றன. "பாத்தியோ" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சமைக்கப் போனாள்.

பருப்பு அவிகிற நேரத்துக்குள் கப்பிச் சத்தம் கிட்ட வந்துவிட்டது. அது வெளியிலிருந்து வரவில்லை, தலைக்கு மேலேயிருந்து வந்தது. உச்சி வெயில். ஒழுங்கையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. கரண்டியோடு அறை வாசலுக்கு வந்தவள், மேசைக்குக் கீழே கழற்றிவிட்ட தன் செருப்பைப் பார்த்தாள். செருப்பு தரையில் இல்லை. மாபிள் தரைக்கு மேலே, முழங்கால் உயரத்தில், ஒன்றையொன்று மெல்ல இடித்துக்கொண்டு நின்றது.

கரண்டி கையிலிருந்து நழுவியது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

அவள் உள்ளே நடந்தாள். முழங்கால்வரை குளிர் ஏறியது. தடவிப் பார்த்தாள், ஈரமில்லை. கதிரையில் உட்கார்ந்து பில்டரை எடுத்துவிட்டாள். பார்வைக்குத்தான் மறைத்தோம், மொடலுக்குள் அது கிடந்து எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. கடைசி நிரையில் சைபரைத் தாண்டி, கழித்தல் இரண்டு. நிலமட்டத்துக்கு மேலே இரண்டு அடித் தண்ணீர்.

வாசல் திறந்துதான் கிடந்தது. நாலு எட்டு வைத்தால் முற்றம். எழும்பியும் விட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பார்த்தீபன்.

"என்ன பிள்ளை, வெக்கையா இருக்கோ? வீட்டுக்குள்ளை இருக்கேலுமோ?"

வாசலைப் பார்த்தாள். பிறகு கதிரையைப் பார்த்தாள்.

"நல்ல குளிர்மையாக் கிடக்கண்ணை" என்றாள். "நான் ஏன் வெளிக்கிடுறன்?"

போனை மேசையில் வைத்தாள். அது மேசையில் தங்கவில்லை. மெல்ல எழும்பி, சுழன்று, அவள் இடுப்பருகே வந்து நின்றது.

கழித்தல் மூன்று.

"என்ரை வீடு" என்று அறைக்குள் சத்தமாகச் சொன்னாள். "நான் கட்டின வீடு. ஏறுறதெண்டால் ஏறு. நான் இறங்கமாட்டன்."

கழித்தல் நாலு. நெஞ்சுக்கு மேலே குளிர். கூந்தல் முதுகைவிட்டு எழும்பிக் காதோரம் மிதந்தது. சுவரில் நின்ற பல்லி பிடி விட்டு, காலை விரித்தபடி அறை நடுவே வந்தது. மறுபடி வாசலைப் பார்த்தாள். வாசல் இருந்த இடத்தில் கல். கறுத்த முருகைக்கல், இடுக்கெல்லாம் பாசி. மூலையைப் பார்த்தாள். மூலை இல்லை. அறை வட்டமாக இருந்தது.

கதிரையில் ஏறி நின்றாள். குளிரும் கூடவே ஏறியது. கழுத்து. நாடி. உதடு.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே கூரைச் சீற்றைக் காணவில்லை. வெள்ளையாய் ஒரு வட்டம். உச்சி வெயில் நேரே கண்ணில் இறங்கியது. அந்த வட்டத்திலிருந்து ஒரு வாளி வந்தது. ஆடி ஆடி. கப்பி அழ அழ. அவள் முகத்துக்கு நேரே வந்து சரிந்து அமிழ்ந்தது.

நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. ஆனாலும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தாள். கதிரையின் முதுகில் காலை முட்டுக்கொடுத்து, கீழே இழுத்தாள். விடமாட்டன். விடவே மாட்டன்.

மேலே கப்பி நின்றது.

கயிறு ஒருதரம் சுண்டியது. அள்ளுகிற ஆள் கனம் பார்ப்பதுபோல.

அவள் விடவில்லை.

வட்டத்தின் விளிம்பில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. இடுப்பில் குடம். பிறகு இன்னொரு தலை. இன்னொரு குடம். அவள் கேற்றடியில் திருப்பியனுப்பிய ஒழுங்கை முழுக்க வந்திருந்தது. வெளிச்சத்தில் ஒருவரின் முகமும் தெரியவில்லை. குடங்களைக் கிணற்றுக்கட்டின்மேல் வைக்கிற சத்தம், ஒவ்வொன்றாக.

பிறகு கைகள் ஒவ்வொன்றாக வந்து கயிற்றைப் பிடித்தன.