கேட்ட மருந்தைத் தராதவள்

"அந்த மருந்தை எடுத்துட்டு வர முடியுமா, முடியாதா அண்ணி? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

காலையில் கொழுந்தன் இப்படிக் கேட்டபோது, அவள் மாமியாருக்காக சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"முடியாது தம்பி."

புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் உதவியாளர். புற்றுநோய்ச் செல்களை வளர்ப்பதும், புது மருந்துகளை அவற்றின் மேல் விட்டுப் பார்ப்பதும் அவள் வேலை. ஒரு மருந்து செல்களை அடியோடு அழித்துவிட்டதைச் சாப்பாட்டு மேஜையில் வாய் நிறையச் சொன்னதும் அவள்தான். மாமியாரின் நோய் ஈரலுக்குப் பரவிவிட்டதாக டாக்டர் சொன்னதிலிருந்து, அந்தச் சந்தோஷமே அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

"லேப் தட்டுல இருக்கற செல்லைத்தான் அது கொன்னுச்சு. வெந்நீர் ஊத்தினாலும் அந்தச் செல் சாகும். அதுக்காக வெந்நீரை ஊசியில ஏத்துவோமா?"

"நல்லாப் பேசுறீங்க. உங்க அம்மாவா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?"

"எங்க அம்மாவா இருந்தாலும் இதேதான்."

பக்கத்தில் இருந்த கணவன் குறுக்கிட்டான். "வேலை போயிடும்னு பயம், வேற என்ன. ஞாயித்துக்கிழமை கூட ஓடிப்போய் அந்தச் செல்லுக்கெல்லாம் தீனி போடுறா. இங்க ஒரு உசுரு போறது இவளுக்குப் பெருசாத் தெரியல."

அவளுக்குச் சுருக்கென்றது. முனைவர் பட்டப் படிப்புக்குப் பதிவு செய்துகொள் என்று ஆய்வகத் தலைவி போன வருடம் வற்புறுத்தியபோது, மாமியாரின் சிகிச்சைக்காக மறுத்தவள் அவள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது அவள். வாந்தியைக் கையில் ஏந்தியதும் அவள். எல்லாம் தெரிந்தவனே இதைச் சொல்கிறான்...

அவள் அழவில்லை. "என்னை நம்பி மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜ் சாவியைக் குடுத்திருக்காங்க. திருட மாட்டேன். அதைவிட, என்ன செய்யும்னு தெரியாத ஒண்ணை அத்தை உடம்புல ஏத்தவே மாட்டேன். நீங்க என்ன வேணா பேசிக்கோங்க."

அன்றிலிருந்து வீட்டில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இனி தானே தருவதாகச் சொல்லி, கொழுந்தன் அம்மாவின் மாத்திரை டப்பாவைத் தன் அறைக்கு எடுத்துப் போனான். அவள் உள்ளே வந்தால் மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டுவிட்டுத் தலை நிமிர்ந்து வேலைக்குப் போனாள்.

இதற்கிடையில் ஆய்வகத்தில் அதே மருந்தைப் புற்றுக்கட்டி வளர்ந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் காலை அவள் கூண்டைத் திறந்தபோது எலிகள் முடி சிலிர்த்து, மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. மதியத்துக்குள் எல்லாம் செத்துவிட்டன. அறுத்துப் பார்த்தார்கள். கட்டி அழகாகச் சுருங்கியிருந்தது. ஈரல்தான் கரைந்து போயிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு அவள் வெகுநேரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மகன்கள் இருவரும் அம்மாவின் கட்டிலருகே இருந்தார்கள். மாமியாரே முதலில் கேட்டாள்.

"முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

"அந்த மருந்து குடுத்த எலியெல்லாம் செத்துப்போச்சு அத்தை. ஈரலே போயிடுச்சு."

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சிடுங்க அண்ணி," என்றான் மெல்ல.

கணவன் பெருமூச்சு விட்டான். "நல்லவேளை, நீ கொண்டு வரல."

"நல்லவேளைனு சொல்லாதீங்க," என்றாள் அவள். "எலி பிழைச்சிருந்தாலும் கொண்டு வந்திருக்க மாட்டேன். எலி சொல்லித்தான் என்னை நம்பணுமா நீங்க?"

மாமியார் மெலிந்த கையை நீட்டினாள்.

"இங்க வா. இவனுங்களைத் திட்டாத. கேக்கச் சொல்லித் தூண்டிவிட்டதே நான்தான். சாகப் பயமா இருந்துச்சுடி... நீ என் மேல இரக்கப்பட்டுக் கொண்டுவந்துருவேன்னு நெனச்சேன்."

அதுவரை தேக்கி வைத்தது அவளுக்கு உடைந்தது. "இரக்கம் இல்லாமலா அத்தை... ஒரு நாள் அதைக் கையில எடுத்துட்டேன். லேப் வாசல் வரைக்கும் வந்துட்டேன். இதை ஏத்தி உங்களுக்கு ஏதாவது ஆயிட்டான்னு உங்க முகம் ஞாபகம் வந்துச்சு. திரும்பிப் போய் வச்சுட்டேன்."

மாமியார் அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இருவரும் அழுது ஓய்ந்த பிறகு, மூத்த மகனைப் பார்த்தாள்.

"டாக்டர் இன்னொரு மருந்து ஆரம்பிக்கலாம்னாரே, அதுக்கு நீங்க ரெண்டு பேரும் மாறி மாறிக் கூட்டிட்டுப் போங்க. இவ படிக்கட்டும்."

"ஆபீஸ்ல லீவு கிடைக்காதும்மா..."

"அவ போறதும் ஆபீஸ்தான்டா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கே போய்ப் பதிவு பண்ணிக்கறேன். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

கணவன் எழுந்து, அம்மாவுக்கு சூப் சுட வைக்க அடுப்படிக்குப் போனான்.